அடிவாரத்துப் பட்டாவுக்கு எவ்வளவு பலம்?

2024 டிசம்பர் 1ஆம் தேதி மாலை, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்தன. வீட்டோடு புதைந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் சிறுவர், சிறுமியர். அதே மாதம் 13ஆம் தேதி 2,668 அடி உயர உச்சியில் மகாதீபம் ஏற்றப்பட்டது. ஆனால் அந்த வருடம் பக்தர்களை மலையேற விடவில்லை.

மலைச்சரிவில் வீடுகள் எப்படி வந்தன என்ற கேள்வி அதன்பிறகு பெரிதாக எழுந்தது. அடிவாரத்தில் கேட்டால் வீட்டு வரி ரசீதை நீட்டுவார்கள், கரண்ட் பில்லைக் காட்டுவார்கள். சிலரிடம் பட்டாவே இருக்கும். சட்டத்தின் முன் இவை எவ்வளவு தாங்கும்?

அதிகம் தாங்காது. நிலத்துக்கு யாரிடம் தீர்வை வாங்குவது என்பதற்காக வருவாய்த் துறை வைத்திருக்கும் கணக்குதான் பட்டா. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் ஏறியதாலேயே நிலம் ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. வரி ரசீதும் மின் இணைப்பும் ஒருவர் அங்கே குடியிருக்கிறார் என்பதைக் காட்டும், அவ்வளவுதான்.

கோயில் நிலம் என்றால் கதை இன்னும் கடுமை. சட்டத்தின் கண்ணில் சாமியும் ஒரு நபர். பூசாரி நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் மட்டுமே, உரிமையாளர் பத்தியில் தெய்வத்தின் பெயர்தான் இருக்க வேண்டும் என்று மத்தியப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலோ 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் பத்திரம் செல்லாது.

காட்டு நிலத்துக்கு அளவுகோல் உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டு கோதவர்மன் வழக்கு உத்தரவு. அகராதிப் பொருளில் காடாக இருந்தால், அது யார் பெயரில் இருந்தாலும் காடுதான் என்றது அது.

அண்ணாமலையில் கோயில் நிலம், காடு இரண்டும் சேர்ந்து கிடக்கின்றன. மலை கோயிலுடையதா, அரசுடையதா என்ற வழக்கு 1930களிலேயே நடந்தது. அதில் சாட்சி சொன்ன ரமண மகரிஷி, இங்கே சிவன் மலை வடிவில் லிங்கமாக நிற்கிறார் என்றார். 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்களுக்கு அது சாட்சியம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியே அல்ல.

சரி, பட்டா கொடுத்தவருக்கு என்ன ஆகிறது? மேகமலையில் வன நிலத்துக்குப் பட்டா கொடுத்ததாகக் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்ட வருவாய் அலுவலரின் வழக்கில் 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. நீதிபதி எஸ். ஸ்ரீமதி இயற்கை அன்னையை உரிமைகள் கொண்ட உயிராக அறிவித்தார். அதே தீர்ப்பில் அலுவலரின் தண்டனை குறைந்தது. முதல் பாதி மனதை நிறைக்கிறது. இரண்டாம் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டவர் லேசாகத் தப்பினால், அதை நம்பிச் சுவர் எழுப்பிய கூலித் தொழிலாளிதான் முழு விலையும் கொடுக்கிறார்.

அவருக்கும் சட்டம் கொஞ்சம் இடம் வைத்திருக்கிறது. மலைச்சரிவு நடப்பதற்குப் பதினெட்டு நாள் முன்பு, 2024 நவம்பர் 13இல், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு, 15 நாள் நோட்டீஸ் தராமல் வீட்டை இடிக்கக் கூடாது என்றது. சாலை, ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களுக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்ன கட்டடங்களுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. கோயில் நிலத்திலும் அறநிலையத் துறை நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்ட பிறகே வெளியேற்ற முடியும்.

அடிவாரத்தில் மனை வாங்க நினைப்பவர் விற்பவர் காட்டும் பட்டாவோடு நின்றுவிடாமல், கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த சர்வே எண்ணுக்கு நேரே புறம்போக்கு என்றோ, வனம் என்றோ, அருணாசலேசுவரர் என்றோ இருந்தால் முன்பணம் கொடுக்க வேண்டாம்.