செல் உயிரியலில் பிஎச்.டி.: எந்த லேப், யார் கைடு?

எம்.எஸ்சி. முடித்துவிட்டு மூலக்கூறு உயிரியலிலோ செல் உயிரியலிலோ பிஎச்.டி. செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த நிறுவனம் நல்லது?" என்பதைத்தான். பெங்களூரில் ஐஐஎஸ்சி, என்சிபிஎஸ், ஹைதராபாத்தில் சிசிஎம்பி, நம் பக்கத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்று பெயர்கள் வரிசையாக வரும். என்னைக் கேட்டால், வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைவிட உள்ளே எந்த லேபில் உட்காரப் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

காரணம், இந்தப் படிப்பில் வகுப்பறை கொஞ்சம்தான். தொடக்கத்தில் கோர்ஸ்வொர்க் முடிந்துவிடும். அதன்பிறகு பல ஆண்டுகள் ஒரே கேள்வியோடுதான் வாழ்க்கை: ஒரு புரதம் செல்லுக்குள் எப்படி இடம் மாறுகிறது, ஒரு ஜீனை முடக்கினால் என்ன கெடுகிறது என்பதுபோல. மனித செல்களை 37 டிகிரி வெப்பத்தில், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில் வளர்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அவற்றைப் பிரித்துப் புதுத் தட்டில் போட வேண்டும். வீட்டில் மாடு வைத்திருப்பவர்களுக்குப் புரியும், ஞாயிற்றுக்கிழமை என்று விட்டுவிட முடியாது. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா தொற்றிவிட்டால் மாதக்கணக்கில் எடுத்த முடிவுகளே சந்தேகத்துக்குள்ளாகும். ஒருமுறை நன்றாக வந்த சோதனையைக் குறைந்தது மூன்று முறையாவது திரும்பச் செய்து காட்டினால்தான் வெளியே சொல்லலாம்.

இந்தியாவில் பெரும்பாலோர் நுழையும் வாசல் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வு. உயிர் அறிவியல் தாளுக்கு 200 மதிப்பெண். அதில் சரிபாதி, 'சி' பகுதிக்கு. 75 கேள்விகளில் 25-க்கு விடையளித்தால் போதும், ஆனால் பல கேள்விகள் ஜெல் படத்தையோ வரைபடத்தையோ கொடுத்து "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்கும். மனப்பாடம் அங்கே உதவாது. ஒரு வகையில் நல்ல தேர்வுதான், பின்னால் செய்யப்போகும் வேலையும் அதுதானே.

இந்தத் தேர்வின் வழியே ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்ஆர்எஃப் என்ற முதுநிலை உதவித்தொகையாக மாறி 42,000. இது 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள தொகை. ஐந்து ஆண்டோடு உதவித்தொகை நின்றுவிடும். ஆனால் யுஜிசியின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு ஆண்டு நீளலாம். ஆய்வுக்கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை அதே விதி எடுத்துவிட்டது. ஆனாலும் அடுத்து போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்குப் போக நினைப்பவரிடம் எல்லோரும் கேட்பது கட்டுரையைத்தான். இதழ்களின் மதிப்பீட்டாளர்கள் "இந்தச் சோதனையையும் செய்யுங்கள்" என்று எழுதினால் இன்னும் பல மாதங்கள் ஓடும். அப்போது கையில் உதவித்தொகை இருக்காது. கைடின் ஆய்வுத்திட்டத்தில் பணம் இருக்கிறதா, கட்டுரையை அவர் சீக்கிரம் திருத்தித் தருபவரா என்பது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினையாவது அங்கேதான்.

நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கைடின் சம்மதம் வாங்கிய பிறகே பதிவு. அமெரிக்காவில் பெரும்பாலும் வேறு வழி. இளநிலைப் பட்டம் முடித்தவரே நேராக பிஎச்.டி.யில் சேரலாம்; கல்விக் கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் உண்டு. முதலாண்டில் இரண்டு மூன்று லேப்களில் சில வாரங்கள் வீதம் வேலை செய்து பார்த்துவிட்டு, பிடித்ததில் சேரலாம். இதை ரொட்டேஷன் என்பார்கள். என்சிபிஎஸ் போன்ற சில இந்திய நிறுவனங்களிலும் இது உண்டு. எல்லா இடத்திலும் வர வேண்டிய நல்ல வழக்கம்.

வேறு துறையில் படித்தவர்களுக்கும் உயிரியலில் இடம் உண்டு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-இல் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கியவர். அதற்குப் பிறகு கலிஃபோர்னியாவில் உயிரியல் மாணவராக மறுபடி சேர்ந்து இரண்டு ஆண்டு படித்தார். ரைபோசோம் ஆய்வுக்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

ரொட்டேஷன் இல்லாத இடத்தில் சேருகிறீர்கள் என்றால், கோடை விடுமுறையில் அந்த லேபில் இரண்டு மாதம் பயிற்சிக்குப் போகப் பாருங்கள். முடியாவிட்டால், அங்கே படித்து முடித்த இருவரிடமாவது போனில் பேசுங்கள். எத்தனை ஆண்டு ஆயிற்று, பாதியில் யாராவது விலகினார்களா, ஏன் விலகினார்கள் என்று கேளுங்கள். கைடு இருக்கும் அறையில் வைத்து மட்டும் கேட்காதீர்கள்.