ராத்திரி 12 மணிக்கும் வெயில்: வட துருவக் கோடையை ரசிக்கப் போகும் முன் தெரிய வேண்டியவை

ஏப்ரல், மே வந்துவிட்டால் ஒத்தக்கடையில் மதிய நேரத்து நடமாட்டமே குறைந்துவிடும். யானைமலைப் பாறையில் ஏறிய சூடு சாயங்காலம் ஆனாலும் இறங்காது. கோடை என்றால் நமக்கு வெயிலுக்கு ஒதுங்குற காலம். ஆனால் பூமியின் வடக்கு ஓரத்தில் இதே சூரியனைப் பார்க்க ராத்திரி 12 மணிக்கு மலை ஏறுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், மாரத்தான்கூட ஓடுகிறார்கள். ரீல்ஸில் பார்த்து ‘ஒரு தடவை போயிடணும்’ என்று லிஸ்ட்டில் சேர்த்து வைத்தவர்கள் நம்மிடம் நிறையவே உண்டு. போவதற்கு முன் அந்த வெளிச்சம் எப்படி வருகிறது, அங்கே வாழ்பவர்கள் அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிடலாம்.

சூரியன் ஏன் மறைவதில்லை?

சாய்ந்தபடி சுற்றும் பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பூமியின் அச்சு சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. சூரியனைச் சுற்றி வரும்போதும் அந்தச் சாய்வு ஒரே திசையில்தான் இருக்கும். அதனால் ஜூன் மாதத்தில் வட துருவம் சூரியனை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. பூமி தன்னைத்தானே முழுச் சுற்று சுற்றினாலும் அந்த உச்சிப் பகுதி இருட்டுப் பக்கம் போவதே இல்லை. சுமார் 66.5 டிகிரி வடக்கில் உள்ள ஆர்க்டிக் வட்டத்திலிருந்து இது தொடங்குகிறது. வடக்கே போகப் போக இப்படிப்பட்ட நாள்கள் கூடும்.

நார்வேயின் ட்ரோம்சோ நகரில் ஏறக்குறைய மே 20 முதல் ஜூலை 22 வரை சூரியன் மறையாது. ஃபின்லாந்தின் ரோவனியெமியில் இது ஜூன் முதல் வாரத்திலிருந்து ஜூலை முதல் வாரம் வரை. இன்னும் வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளில் ஏப்ரல் 20-ஐ ஒட்டித் தொடங்கி ஆகஸ்ட் 20-ஐத் தாண்டியும் நீள்கிறது. அந்தத் தீவுகளில்தான் இந்தியாவின் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் இருக்கிறது. 2008 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது.

ஒத்தக்கடைக்கு எவ்வளவு, ட்ரோம்சோவுக்கு எவ்வளவு?

ஒத்தக்கடை சுமார் 10 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஜூனில் நமக்குப் பகல் சுமார் 12 மணி 40 நிமிடம், டிசம்பரில் சுமார் 11 மணி 30 நிமிடம். வருடம் முழுக்கப் பார்த்தாலும் வித்தியாசம் ஒரு மணி நேரமும் கொஞ்சமும்தான். ட்ரோம்சோவில் ஜூனில் 24 மணி நேரமும் பகல். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதே இல்லை. நண்பகலில் மட்டும் கொஞ்ச நேரம் விடியற்காலை மாதிரி ஒரு மங்கல் வெளிச்சம் இருக்கும்.

முழு வருடத்தையும் கூட்டிப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் கிடைக்கும் பகல் நேரம் கிட்டத்தட்ட சமம். சம்பளம் ஒன்றுதான். நமக்கு மாதாமாதம் ஒரே அளவில் வருகிறது. அவர்களுக்குக் கோடையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, குளிர்காலத்தில் கையை விரித்துவிடுகிறார்கள். அதனால்தான் அங்குள்ளவர்கள் கோடை நாள் ஒன்றைக்கூட வீட்டுக்குள் கழிக்க மனசு வராமல் வெளியே ஓடுகிறார்கள்.

அவ்வளவு நேரம் வெயில் அடித்தால் கொளுத்தாதா?

கொளுத்தாது. மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மதியம் 12.20-ஐ ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். ட்ரோம்சோவில் ஜூன் மாத நண்பகலில்கூட அது 44 டிகிரி உயரத்தைத் தாண்டாது. நள்ளிரவில் அடிவானத்துக்கு மேல் சுமார் 3 டிகிரி. சாய்வாக விழுவதால் வெளிச்சம் பரந்து போகிறது, சூடு குறைகிறது. ஜூலையில் பகலிலேயே வெப்பநிலை பெரும்பாலும் 15 டிகிரி அளவில்தான் இருக்கும். ஜாக்கெட் இல்லாமல் கிளம்பினால் நடுங்க வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம். சூரியன் மிகத் தாழ்வாக வருவது சரியாக 12 மணிக்கு அல்ல, அங்கே 12.45 மணி வாக்கில். அப்போது ஒத்தக்கடையில் அதிகாலை 4.15. இங்கே டீக்கடையில் பால் கொதிக்கிற நேரத்தில் அங்கே பொன் வெயிலில் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அங்கே நம்மவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். அவர்கள் போனது டூருக்கு அல்ல. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956-ல் நார்வே போய்ச் சேர்ந்தார். மீன்பிடித் தொழில் கற்று, 1967-ல் யாழ்ப்பாணத்தில் ‘சீ-நோர்’ நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தத் தொடர்பில் படிக்கப் போனவர்கள் சிலர். 1980-களில் போருக்குத் தப்பிப் போனவர்கள் பலர். நாட்டின் வடகோடி மாகாணமான ஃபின்மார்க்கில் உள்ளூர் இளைஞர்கள் தெற்கு நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், மீன் பதப்படுத்தும் ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. அந்த வேலைக்குத் தமிழர்கள் போனார்கள். பனை மர ஊரில் பிறந்தவர்கள் மரமே முளைக்காத கடற்கரையில் மீன் வெட்டினார்கள்.

அப்படிப்பட்ட ஒரு மீன்பிடி ஊரில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் அன்னே சிக்ஃப்ரிட் குரோன்செத் 2010-ல் புத்தகம் எழுதினார். உடம்பு வலி, சோர்வு என்று தமிழர்கள் திரும்பத் திரும்ப மருத்துவரிடம் போனதை அவர் கவனித்தார். உறவு, கோயில், ஊர் என்ற பிடிமானம் அறுந்துபோன துயரம்தான் வலியாக வெளிப்பட்டது என்று விளக்கினார். பலர் பின்னர் ஆஸ்லோ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஒரு வாரம் போய் வருபவருக்கு அந்த வெளிச்சம் அதிசயம்தான். அங்கேயே வாழ்வதற்கு வெளிச்சம் மட்டும் போதாது, பேச ஆள் வேண்டும்.

கோடையில் என்ன செய்வார்கள்?

நார்வேக்காரர்களிடம் ‘ஃப்ரிலுஃப்ட்ஸ்லிவ்’ என்று ஒரு சொல் உண்டு. திறந்தவெளி வாழ்க்கை என்று சொல்லலாம். 1957-ல் வந்த சட்டம் ஒன்று, பயிர் வைக்காத நிலத்தில் யார் வேண்டுமானாலும் நடக்கவும் தங்கவும் உரிமை தருகிறது. வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் போடலாம், ஒரே இடத்தில் பொதுவாக இரண்டு இரவு தங்கலாம். டிக்கெட் கிடையாது. ட்ரோம்சோவில் நேபாள ஷெர்பாக்கள் கட்டிக் கொடுத்த 1,200-க்கும் மேற்பட்ட கல்படிகளில் ஏறி நள்ளிரவுச் சூரியனைப் பார்ப்பது பிரபலம். ஏற முடியாதவர்களுக்கு கேபிள் கார் இருக்கிறது.

2019-ல் ‘கடிகாரமே இல்லாத தீவு’ என்று சொம்மாரோய் தீவைப் பற்றி ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. அது நார்வே அரசு அமைப்பு ஒன்றின் சுற்றுலா விளம்பர உத்தி என்று பிறகு தெரியவந்தது. அந்தத் தீவிலும் வேலைக்கு நேரம் பார்த்துத்தான் போக வேண்டும்.

தூக்கம் வருமா?

கஷ்டம்தான். இருட்டினால்தான் உடம்பில் மெலடோனின் சுரந்து தூக்கம் வரும். வெளிச்சம் அதைத் தடுக்கும். அங்குள்ள வீடுகளில் கனமான திரை இருக்கும். நீங்கள் கண்பட்டை எடுத்துப் போங்கள். வானத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள், படுங்கள். ‘இன்னும் வெளிச்சம் இருக்கே’ என்று சுற்றினால் மூன்றாம் நாள் டூர் முழுக்கத் தூங்கி வழிய வேண்டியதுதான்.

போக நினைப்பவர்கள் கவனிக்க

* ஆஸ்லோவில் நள்ளிரவுச் சூரியன் தெரியாது. ஜூனில் அங்கே இரவு 10.45-ஐ ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். அங்கிருந்து ட்ரோம்சோவுக்கு விமானத்தில் சுமார் 2 மணி நேரம்.
* இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடையில் கூட்டம் அதிகம், கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள்.
* ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கேயும் போவதாக இருந்தால், நார்வேக்குத் திரும்பி நுழைய வசதியாக ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழையும் விசா கேளுங்கள்.
* வடக்கு ஒளி எனப்படும் பச்சை வெளிச்சத்தையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அதற்கு இருட்டு வேண்டும். செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் அதன் சீசன்.
* மேகம் மூடினால் நள்ளிரவுச் சூரியனும் கிடையாது. குறைந்தது 3, 4 இரவாவது ஒதுக்குங்கள்.

விசா, லீவு, காசு எதுவும் அமையாவிட்டால்?

திறந்தவெளியில் நடக்கிற பழக்கம் நமக்கும் புதிதல்ல. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்தை எதிர்த்துச் சுற்றுவட்டார மக்கள் போராடியதை ஒட்டி, 2010-ல் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கியது ‘பசுமை நடை’. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்குக் காலை நேரத்தில் கூட்டமாக நடந்து போய், அவற்றின் வரலாற்றைக் கேட்டுவிட்டு வருவார்கள். அங்கே நள்ளிரவு என்றால் நமக்கு விடிகாலை. காலை 6 மணிக்கு நரசிங்கம் பக்கம் நடந்து பாருங்கள், 8 மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். நம்ம ஊர் வெயிலில் ரசிக்கத் தக்க நேரம் அவ்வளவுதான், ஆனால் அது வருடம் முழுக்கக் கிடைக்கும்.