உருண்டையாக இருந்தால்தான் ராக்கெட்!

பட்டு இழையில் சின்னப் பிசிறு இருந்தாலும் சேலையில் தெரிந்துவிடும். ஆரணித் தறிக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்! சரி, ராக்கெட் எஞ்சினில் பிசிறு எங்கிருந்து வரும் தெரியுமா?

சென்னை ஐஐடியில் பிறந்த அக்னிகுல் நிறுவனம், 2024 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு ராக்கெட்டை ஏவியது. அதன் எஞ்சின், ஒரே துண்டாக 3டி பிரிண்டரில் அச்சிடப்பட்டது. இன்கோனல் என்ற உலோகப் பொடியை மெல்லிசாகப் பரப்பி, லேசரால் உருக்கி, அதன்மேல் மறுபடி பரப்பி... அப்படியே அடுக்கடுக்காக எழுப்புவார்கள்.

அந்தப் பொடியின் வடிவத்தில்தான் விஷயமே இருக்கிறது. துகள் உருண்டையாக இருந்தால் வழுக்கிக்கொண்டு ஓடி, நெருக்கமாக உட்காரும். கோணல்மாணலாக இருந்தால் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். நடுவில் இடைவெளி விழும். உருக்கிய பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையாக அது உள்ளேயே தங்கிவிடலாம். விரிசல் விடுவது பெரும்பாலும் அங்கேதான்.

உருண்டைத் துகளை எப்படிச் செய்கிறார்கள்? உருகிய உலோகத்தை ஒழுகவிட்டு, ஆர்கான் வாயுவை வேகமாகப் பீய்ச்சி அடிப்பார்கள். சிதறும் சொட்டுகள் அந்தரத்திலேயே உருண்டு திரண்டு இறுகிவிடும். அப்படியும் சில துகள்களின் முதுகில் குட்டித் துகள் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் பொடியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, சலித்து, அப்புறம்தான் பிரிண்டரில் கொட்டுவார்கள்!