கண்ணுக்குள் இருக்கும் பாவை

கழுத்தின் இருபுறமும் மேலேறும் பெரிய ரத்தக் குழாயை மருத்துவர்கள் கரோட்டிட் என்கிறார்கள். மயக்கத்தைக் குறிக்கும் ‘கரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்தான் அதன் வேர். அந்த இடத்தை அழுத்தினால் ஆள் நினைவிழந்து சாய்வதைக் கண்டவர்கள் இட்ட பெயர். கி.மு. 300ஐ ஒட்டி அலெக்சாண்டிரியாவில் உடல்களை அறுத்துப் பார்த்த ஹிரோபிலஸ், சிறுகுடலின் தொடக்கப் பகுதியைப் பன்னிரண்டு விரற்கடை என்று அளந்து அப்படியே அழைத்தார். அது லத்தீனில் மொழிபெயர்ந்து டியோடினம் ஆயிற்று. முதுகெலும்பின் வால் நுனி குயில் அலகுபோல் இருந்ததால் காக்சிக்ஸ். கேடயம்போல் இருந்தது தைராய்டு. நம் பிள்ளைகள் வாய் வலிக்க மனப்பாடம் செய்யும் இந்தச் சொற்களெல்லாம் ஒரு காலத்தில் வீட்டிலும் போர்க்களத்திலும் புழங்கியவை.

தமிழும் இதே வழியில்தான் பெயர் வைத்தது. தோளுக்கும் மார்புக்கும் நடுவே கிடக்கும் எலும்பு நமக்குக் காறை எலும்பு. காறை என்பது கழுத்தில் அணியும் நகை. கண்ணின் நடுப்புள்ளிக்குக் கிரேக்கர் வைத்த பெயர் ‘கோரே’, அதாவது சிறுமி. நமக்கு அது பாவை, பொம்மை. திருக்குறளிலேயே இருக்கும் சொல். எதிரே நிற்பவரின் உருவம் அந்தக் கறுப்பு வட்டத்துக்குள் சின்னஞ்சிறு பொம்மையாகத் தெரிவதை இரண்டு மொழிக்காரர்களும் பார்த்திருக்கிறார்கள். யாரிடமிருந்து யார் பெற்றார்கள் என்று வாதாட வேண்டியதில்லை. கூர்ந்து பார்க்கும் கண் இரு பக்கமும் இருந்தது, அது போதும்.

உடம்புக்குப் பெயர் வைத்த இன்னொரு மரபும் தமிழில் உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்து வித்துராவுக்கு அப்பால், போணக்காட்டைத் தாண்டி 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது அகத்தியர்கூடம். அந்த அகத்தியர் பெயரால் வழங்கும், உடலின் உயிர்நிலைப் புள்ளிகளைச் சொல்லும் வர்ம ஏடுகள், மலையாளம் பேசும் தெற்குக் கேரளத்திலும் தமிழிலேயே இருக்கின்றன. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று அவை உடலை வகுக்கின்றன. பொட்டு வைக்கும் இடத்திலுள்ள வர்மத்தின் பெயர் திலர்த காலம். அடி பட்டால் என்ன ஆகும் என்பதை வைத்தே வகைப்படுத்துவது, கரோட்டிட்டுக்குப் பெயரிட்ட அதே அறிவுதான். எனக்குள்ள பெருங்கவலை இதில்தான்: இந்தச் சொற்களில் பல, வர்ம ஆசான்மார் கை வைத்துக் காட்டினால்தான் விளங்கும். ஏடு மட்டும் மிஞ்சினால் பெயர் இருக்கும், இடம் தெரியாது.

உலகமெங்கும் ஒரே சொல் இருந்தால்தான் மருத்துவம் நடக்கும் என்பார்கள். மருத்துவர்கள் தமக்குள் பேச அது சரி. நோயாளிக்குத் தன் உடம்பின் பெயரே புரியாமல் போவதற்கு அது நியாயம் ஆகாது. தமிழால் முடியாது என்பது முன்பே பொய்யாகிவிட்டது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்; கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று 1872இல் தமிழில் வந்தது. அந்தத் தலைப்பில் வடமொழி வாடை உண்டுதான். ஆனாலும் படித்தவருக்குப் பொருள் புரிந்தது. திருவனந்தபுரத்திலும் கன்னியாகுமரியிலும் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளே, விடுமுறையில் ஒரு வர்ம ஆசானிடம் போங்கள். அவர் விரல் வைக்கும் இடத்தையும் சொல்லும் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். அதன் அருகிலேயே நீங்கள் படித்த கிரேக்கப் பெயரையும் எழுதுங்கள்.