பாஸ்வேர்ட் மட்டும் போதுமா? பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் நான் முதலில் சொல்வது, பாஸ்வேர்டுகளை டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதாதீர்கள், பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்றில் போட்டு வையுங்கள் என்பதுதான். இதை ஊருக்கெல்லாம் சொன்ன நானே ஒரு பாடம் கற்க வேண்டியிருந்தது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் தாய்மாமாவுக்கு, மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக பி.எஃப். பணத்தில் அட்வான்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. கட்டணம் கட்ட நான்கு நாட்களே பாக்கி. திருப்பாச்சூரில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். அவருடைய யு.ஏ.என். எனப்படும் 12 இலக்க எண்ணையும் பாஸ்வேர்டையும் நான்தான் முன்பு சேமித்து வைத்திருந்தேன். பெருமையாகத் திறந்தேன். இரண்டும் இருந்தன. ஆனால் ஓ.டி.பி. எந்த மொபைலுக்குப் போகிறது என்பது இல்லை. மாமா இதுவரை மூன்று சிம் மாற்றியிருக்கிறார். பதிவு செய்திருந்தது, அவர் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்ட பழைய நம்பர்!

"பாஸ்வேர்ட் பத்திரமா இருக்குதுன்னு சொன்னியே மாப்ள, அப்புறம் ஏன் உள்ள போக மாட்டேங்குது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நம்பரை மாற்றி, பணம் கைக்கு வருவதற்குள் கெடு தாண்டிவிட்டது. கட்டணத்தை வட்டிக்கு வாங்கித்தான் கட்டினார். இதில் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு வரி குறிப்பு எழுதாமல் விட்டது நான்தான்.

அந்த ஒரு வரியை எங்கே, எப்படி எழுதுவது எனப் பார்க்கலாம்.

நோட்ஸ் கட்டம் எங்கே உள்ளது?

நான் பயன்படுத்துவது கீபாஸ் என்னும் இலவச புரோகிராம். ஜெர்மனியைச் சேர்ந்த டொமினிக் ரைக்ல் உருவாக்கி, 2003 முதல் கிடைத்து வருகிறது. இதனை கீபாஸ் டாட் இன்ஃபோ என்ற தளத்தில் இருந்து மட்டுமே டவுன்லோட் செய்யுங்கள். முகவரியை நீங்களே டைப் செய்வது நல்லது. 2023ஆம் ஆண்டு இதே பெயரில் ஒரு போலித் தளம் கூகுள் விளம்பரத்தில் இடம்பெற்றுப் பலரை ஏமாற்றப் பார்த்தது.

கீபாஸைத் திறந்து, மாஸ்டர் பாஸ்வேர்டைக் கொடுங்கள். பட்டியலில் வேண்டிய தளத்தின் பெயர் மீது டபுள் கிளிக் செய்யுங்கள். கிடைக்கும் விண்டோவில் டைட்டில், யூசர் நேம், பாஸ்வேர்ட், யு.ஆர்.எல். ஆகியவற்றுக்குக் கீழே பெரிதாக ஒரு கட்டம் இருக்கும். அதுதான் நோட்ஸ். பலர் இதைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். இதில் எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம். யூனிகோட் தமிழிலும் எழுதலாம். எழுதியபின் ஓகே கிளிக் செய்து, மறக்காமல் கண்ட்ரோல் + எஸ் அழுத்தி சேவ் செய்யுங்கள்.

குரோம் பிரவுசரில் பாஸ்வேர்ட் சேமிப்பவர்களுக்கும் 2023 முதல் இந்த வசதி உள்ளது. கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜரில் அந்தத் தளத்தைத் தேர்ந்தெடுத்து, எடிட் கிளிக் செய்தால் நோட் கட்டம் கிடைக்கும். ஐபோன்காரர்களுக்கு 2022இல் வந்த ஐ.ஓ.எஸ். 15.4 பதிப்பு முதலே இது உண்டு.

எதையெல்லாம் எழுதலாம்?

முதலாவது, பதிவு செய்த மொபைல் நம்பர், இமெயில் முகவரி. எந்தத் தேதியில் சரிபார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சிம் மாற்றும் நாளில் பழைய நம்பரின் கடைசி நான்கு எண்களை கண்ட்ரோல் + எஃப் மூலம் தேடினால், அந்த நம்பர் கொடுத்த கணக்குகள் எல்லாம் பட்டியலாக வந்துவிடும். தேடும் விண்டோவில் நோட்ஸ் என்பதற்கு எதிரே டிக் இருக்கிறதா எனப் பாருங்கள். இது ஏன் அவசியம் என்றால், நம் நாட்டில் துண்டிக்கப்பட்ட மொபைல் நம்பர் 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். உங்கள் ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவர் போனில் போய் விழும்.

இரண்டாவது, ஒரே தளத்தில் உள்ள இரண்டு பாஸ்வேர்டுகள். ஸ்டேட் பாங்க் இன்டர்நெட் பேங்கிங்கில் லாகின் பாஸ்வேர்ட் வேறு, புரொபைல் பாஸ்வேர்ட் வேறு. எது எதற்கு என்று எழுதாவிட்டால் மாற்றிப் போட்டுக் கணக்கு பூட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, பாதுகாப்புக் கேள்விகளின் பதில்கள். பிறந்த ஊர் எது, படித்த பள்ளி எது என்றெல்லாம் கேட்பார்கள். உண்மையான பதிலைக் கொடுக்காதீர்கள். 2008இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் யாஹூ மெயிலை ஒரு மாணவர் இப்படித்தான் திறந்தார். பிறந்த தேதி, பின்கோடு, கணவரை எங்கே சந்தித்தார் என்ற மூன்றுக்கும் விடை இன்டர்நெட்டிலேயே இருந்தது. நான் திருப்பாச்சூர்க்காரன் என்பது வாசீஸ்வரர் கோயில் தெருவில் யாரைக் கேட்டாலும் தெரியும். எனவே சம்பந்தமில்லாத ஒரு பதிலைக் கொடுத்து, அதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

எதை எழுதக் கூடாது?

கீபாஸின் முழு ஃபைலும், நோட்ஸ் உட்பட, என்கிரிப்ட் செய்யப்பட்டே சேமிக்கப்படுகிறது. ஆனால் திறந்த பிறகு ஒரு வேறுபாடு உண்டு. பாஸ்வேர்ட் புள்ளிகளாகவோ நட்சத்திரங்களாகவோ மறைந்திருக்கும். நோட்ஸில் எழுதியது அப்படியே படிக்கும்படி கீழ்ப்பகுதியில் தெரியும். பின்னால் நிற்பவரும் படிக்கலாம். வியூ மெனுவில் ஷோ என்ட்ரி வியூ என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் அந்தப் பகுதி மறையும். புரொபைல் பாஸ்வேர்ட், கேள்விகளின் பதில் போன்றவற்றை அட்வான்ஸ்டு டேப்பில் தனி ஸ்டிரிங் ஃபீல்டாகச் சேர்த்து, பாதுகாக்கும் ஆப்ஷனில் டிக் செய்தால் அவையும் மறைந்தே இருக்கும். எது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நோட்ஸில் எழுதுங்கள்.

ஏ.டி.எம். பின், யு.பி.ஐ. பின் இரண்டும் மனதில் இருக்கட்டும். கூகுள் தரும் 8 இலக்க பேக்கப் எண்களையும் பாஸ்வேர்டுக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். பூட்டையும் சாவியையும் ஒரே பையில் போட்டது போல ஆகிவிடும். அவற்றைப் பேப்பரில் எழுதி பீரோவில் வையுங்கள். டேட்டாவை சி.எஸ்.வி. ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்தால் எல்லாம் சாதாரண டெக்ஸ்டாக வெளியே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நோட்ஸில் தவறாக எதையாவது அழித்துவிட்டாலும் பயம் வேண்டாம். அதே விண்டோவில் ஹிஸ்டரி டேப்பில் பழைய பதிப்புகள் தேதியுடன் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டோர் கொடுத்தால் திரும்பி வந்துவிடும்.

ஆனால் மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால் மீட்க வழியே இல்லை. புதிய ஃபைல் உருவாக்கும்போது எமர்ஜென்சி ஷீட் ஒன்றை பிரிண்ட் செய்ய கீபாஸ் வசதி தருகிறது. அதை நிரப்பி, வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் இடத்தைச் சொல்லி வையுங்கள். நாளை நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால், உங்கள் குறிப்புகள்தான் வீட்டாருக்கு வழி சொல்லும்.

மாமாவின் கணக்கில் இப்போது நான்கு வரிக் குறிப்பு இருக்கிறது. அடுத்த முறை அவர் பஸ் மாறி மாறி இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. இன்று மாலையே உங்கள் பட்டியலைத் திறந்து, முக்கியமான ஐந்து கணக்குகளுக்காவது மொபைல் நம்பரை எழுதி வையுங்கள். பத்து நிமிட வேலைதான்.