உஷார்! அந்த வீட்டில் பிள்ளைதான் காவல்

கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, தெல்தோட்டைப் பக்கத்து ஆசிரியர்களே, மாமா மாமிமாரே, அடுத்த லயத்துக்காரரே, இது அவசரம். உங்கள் கண்முன்னால் ஒரு பிள்ளை நடமாடுகிறது. பத்து, பதினொரு வயதிருக்கும். வகுப்பில் சத்தம் போடாது. கொப்பி சுத்தமாக இருக்கும். தம்பிக்குத் தலை சீவி, சப்பாத்து லேஸ் கட்டி, கையைப் பிடித்துக் கூட்டி வந்து அவன் வகுப்பில் விட்டுவிட்டுத்தான் தன் வகுப்புக்குப் போகும். "என்ன பொறுப்பான பிள்ளை!" என்று எல்லோரும் பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"படுத்திருக்காங்க டீச்சர்."

"நேத்து?"

"நேத்தும் படுத்துதான் இருந்தாங்க."

இந்தப் பதில் வந்தால் உஷாராகுங்கள். இரண்டு கிழமைக்கு மேலாக அம்மா எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டு, பேச்சுக் குறைந்து கிடக்கிறார் என்றால், அது சோம்பலும் அல்ல, திமிரும் அல்ல. மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நோய் அம்மாவுக்கு வந்திருக்கலாம், ஆனால் வீட்டை இப்போது தூக்கி நடத்துவது அந்தப் பிள்ளை.

தோட்டத்து வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமில்லை. போனாலும் கொழுந்து நிறை காணாவிட்டால் அரைப்பேர். நோயால் கை ஓடாத ஒரு தாய்க்கு இந்தக் கணக்கு இரக்கம் காட்டாது. தலைப்பாரம், நெஞ்சு படபடப்பு, கை கால் உளைச்சல் என்று டிஸ்பென்சரிக்குப் போவார். நாலு பனடோலோடு திரும்பி வருவார். மனதைப் பற்றி அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், இவரும் சொல்லியிருக்க மாட்டார். வீட்டுக்கு வந்து காம்பராவுக்குள் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டால், ரொட்டி தட்டுவதும் தண்ணீர் பிடிப்பதும் கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விடுவதும் மூத்த பிள்ளையின் வேலையாகிவிடும். கட்டுகஸ்தோட்டையில், அக்குறணையில், கண்டி நகரத்து மாடி வீட்டில் என்றால் ரொட்டிக்குப் பதில் கடைச் சோறு வரும். உம்மா கதவைச் சாத்திக்கொண்டிருப்பார், பிள்ளை கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்.

வீட்டு வேலை செய்வதால் பிள்ளை கெட்டுப்போகாது, அது என் கவலை அல்ல. என் பயம் காவலைப் பற்றியது. "அம்மாவைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அப்பா வேலைக்குப் போகிறார். அந்தப் பிள்ளை அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்கிறது. இரவில் எழும்பி அம்மா மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிறது. இடைவேளையில் விளையாடப் போகாமல் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அம்மா எப்போதாவது "நான் இல்லாட்டி நீங்க நல்லா இருப்பீங்க" என்று சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளை பிறகு நிம்மதியாகத் தூங்கவே தூங்காது. வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைக்குப் பிரம்பைக் காட்டுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரியவரே தாங்க மாட்டாத காவல் வேலையைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டியிருக்கிறோம்.

அதோடு, பிள்ளைகள் காரணத்தைத் தங்களிடமே தேடுவார்கள். நான் கணக்கில் குறைய எடுத்ததால்தான் அம்மா இப்படி, நான் தம்பியோடு சண்டை போட்டதால்தான் அப்பா பேசுவதில்லை என்று தாங்களாகவே தீர்ப்பு எழுதிக்கொள்வார்கள். வெளியே சொல்லாதே என்று வீட்டில் வாய்ப்பூட்டும் போட்டிருந்தால், அந்தத் தீர்ப்பைத் திருத்த ஒருவரும் வர முடியாது.

அப்பாமாரின் மனச்சோர்வு பெரும்பாலும் அழாது. எரிந்து விழும், சாமான்களை எறியும், சாராயத்திலும் கசிப்பிலும் போய் ஒளிந்துகொள்ளும். குடிக்கிற எல்லோருக்கும் மனச்சோர்வு என்று நான் சொல்லவில்லை. குடியை மட்டும் பார்த்துத் திட்டிவிட்டு, அடியில் இருப்பதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம் என்கிறேன். எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சியின் தந்தை இங்கே தோட்டத்துரையாக இருந்தவர், குடியால் குடும்பத்தை இழந்தவர். 1954இல் சிறுவனாக நாட்டை விட்டுப் போன மகன், 1978இலும் 1980இலும் திரும்பி வந்து, தந்தையை அறிந்தவர்களைத் தேடித் தேடிக் கேட்டு, 1982இல் ‘ரன்னிங் இன் த ஃபேமிலி’ என்ற நூலை எழுதினார். புகழ்பெற்ற எழுத்தாளராக வளர்ந்த ஒருவருக்கே, என் அப்பாவுக்கு என்ன நடந்தது என்ற கேள்வி நாற்பது வயதை நெருங்கியும் தீரவில்லை. நம் லயத்துப் பிள்ளைக்கு அந்தப் பதிலைச் சின்ன வயதிலேயே யாராவது சொல்லிவிட வேண்டாமா?

இதை ஏன் இவ்வளவு பதற்றத்தோடு எழுதுகிறேன் என்றால், விளைவு பிள்ளையோடு கூடவே வளர்கிறது. அமெரிக்காவில் மிர்னா வைஸ்மன் என்ற ஆய்வாளரின் குழு, மனச்சோர்வுள்ள பெற்றோரின் பிள்ளைகளை 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டது. மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு மனச்சோர்வும் பதற்ற நோயும் வரும் ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு.

அதே 2006இல் அதே ஆய்வாளர் குழு இன்னொன்றையும் கண்டது. தயவுசெய்து இந்த இடத்தை இரண்டு முறை வாசியுங்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற தாய்மாரையும் அவர்களது பிள்ளைகளையும், 151 சோடிகளாக, மூன்று மாதம் கவனித்தார்கள். எந்தத் தாய்க்கு நோய் விலகியதோ அவருடைய பிள்ளைகளிடையே மனநலக் கோளாறு 35 சதவீதத்திலிருந்து 24 ஆக இறங்கியது. எந்தத் தாய்க்கு விலகவில்லையோ அவருடைய பிள்ளைகளிடையே அது 35இலிருந்து 43 ஆக ஏறியது. பிள்ளைகளுக்கென்று தனியாக மருந்து கொடுத்து வந்த மாற்றமல்ல இது. மூன்றே மாதம்! "பிள்ளைகள் பெரிசாகட்டும், பிறகு எனக்கு மருந்து எடுக்கலாம்" என்று தள்ளிப்போடும் அம்மாமாரிடம் இதைச் சொல்லுங்கள். உங்களுக்கு எடுக்கும் மருந்து உங்கள் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

சரி, எங்கே போவது? கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. பார்ப்பதும் மருந்தும் இலவசம். நேரே போகத் தயக்கமென்றால் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொல்லுங்கள், கடிதம் தந்து அனுப்புவார். கோயிலில் அர்ச்சனை செய்யுங்கள், பள்ளிவாசலில் துஆ கேளுங்கள், அதில் ஒரு தவறுமில்லை. ஆனால் செய்வினை என்று சொல்லி மந்திரிப்பதிலும் நூல் கட்டுவதிலும் மாதக்கணக்கை விட்டுவிடாதீர்கள். அந்த மாதங்களைப் பிள்ளையின் வயதிலிருந்துதான் எடுக்கிறீர்கள்.

இங்கேதான் எனக்கு மிகவும் கோபம் வரும் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தாய்க்குச் சிங்களம் வராது. மூத்த பிள்ளை நன்றாகப் பேசும். ஆகவே பள்ளிக்கு லீவு போட்டு, அந்தப் பிள்ளையையே கிளினிக்குக்கு மொழிபெயர்க்கக் கூட்டிப்போகிறோம். டாக்டர் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி என்ன? உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதைப் பன்னிரண்டு வயது மகள் தன் வாயால் அம்மாவிடம் கேட்க வேண்டும். அம்மா என்ன பதில் சொல்வார்? மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார். டாக்டர் அதை எழுதிக்கொள்வார். உண்மை அந்த அறையில் வெளியே வராமலே போய்விடும். உண்மையைச் சொன்னாலோ, அதைவிட மோசம். அந்த வசனத்தைச் சிங்களத்தில் சொல்லி முடிக்கும் பிள்ளை, வாழ்நாள் முழுக்க அதைக் காதில் கேட்டுக்கொண்டிருக்கும். இதை யாரும் பிள்ளைக்குச் செய்யக் கூடாது.

பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். சித்தி, மாமா, பக்கத்து வீட்டு அக்கா, தோட்டத்துத் தலைவர், யாரானாலும் சரி. தமிழ் தெரிந்த டாக்டரோ தாதியோ இருக்கிறார்களா என்று கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. அரசாங்க ஆஸ்பத்திரியில் தமிழில் பேசக் கேட்பது உங்கள் உரிமை.

மருந்தைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். மனச்சோர்வுக் குளிசை தலையிடிக் குளிசை போல அரை மணியில் வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டு மூன்று கிழமை, சிலருக்கு அதற்கு மேலும் எடுக்கும். வாய் உலர்வது, வயிற்றைப் பிரட்டுவது போன்ற தொல்லைகள்தான் முதலில் தெரியும். அந்தக் கிழமைகளில்தான் பலர் "இது சரிவராது" என்று நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் குணம் கண்டதும் நிறுத்துகிறார்கள். குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். நிறுத்துவதென்றால் டாக்டர் சொல்லும் முறையில் படிப்படியாகத்தான். குளிசைக் கணக்கு பார்க்கும் வேலையையும் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

பிள்ளைக்கு என்ன சொல்வது? ஒளிக்காமல், சுருக்கமாக, அது விளங்கிக்கொள்ளும் பேச்சில் சொல்லுங்கள். "அம்மாவுக்கு ஒரு வருத்தம். சும்மா கவலைப்படுறது இல்ல, உண்மையான வருத்தம். நீ ஒண்ணும் செஞ்சதால வரல்ல. நீ நல்லா இருந்தா மாறிடும்னும் இல்ல. டாக்டர் பாக்குறாங்க. உன்னப் பாத்துக்க நாங்க இருக்கோம்." கடைசி வசனத்தைச் சொல்கிறவர் உண்மையில் இருக்க வேண்டும். கிழமைக்கு இரண்டு நாள் பிள்ளை உங்கள் வீட்டில் சாப்பிடட்டும், படிக்கட்டும், தொலைக்காட்சி பார்க்கட்டும். தன் வயதுப் பிள்ளையாக இருக்கட்டும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளையென்றால் "எனக்கும் வருமா?" என்று கேட்கும். மும்பை எழுத்தாளர் ஜெரி பின்டோ, தாயின் மனநோயோடு வளர்ந்த தன் வாழ்க்கையிலிருந்து எழுதி 2012இல் வெளியிட்ட நாவலிலும் மகனை அரிக்கும் பயம் இதுதான். வரவே வராது என்று பொய் சொல்லாதீர்கள். கட்டாயம் வரும் என்பதும் பொய். மூன்று மடங்கு ஆபத்து என்றாலும் பல பிள்ளைகள் தப்பிக்கிறார்கள், நேரத்துக்குக் கவனித்தால் இன்னும் பலர் தப்பிப்பார்கள்.

இனிச் சொல்வது உயிர் காக்கும் விஷயம். "எனக்கு வாழ விருப்பமில்லை" என்று யார் சொன்னாலும், அம்மாவோ அப்பாவோ பிள்ளையோ, அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். தனியே விடாதீர்கள். காவலுக்குப் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். குளிசை, தோட்டத்து மருந்து, பூச்சி நாசினி எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், அல்லது பூட்டி வையுங்கள். இது வீண் முன்னெச்சரிக்கை அல்ல. 1995 அளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. கொடிய பூச்சிமருந்துகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்ட பின் அது மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. அந்த ஒரு நேரத்தில் நஞ்சு கைக்கு எட்டாமல் இருந்ததாலேயே பிழைத்து, பிறகு வாழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். பொலிஸுக்குப் பயந்து மறைப்பவர்களும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி 1998இலிருந்து இந்நாட்டில் குற்றமல்ல. ஆபத்து என்றால் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். பேசுவதற்கு, எந்த நேரமும், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. பிள்ளை தானே பேச விரும்பினால் சிறுவர் உதவி இலக்கம் 1929. இந்த மூன்று இலக்கங்களையும் ஆசிரியர்கள் வகுப்புச் சுவரில் ஒட்டிவைக்கலாம். யாருக்காக ஒட்டியிருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழை மலைகளைச் சரித்தபோது, மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று கண்டி மாவட்டம். வீட்டையும் உறவையும் மண்ணுக்குள் விட்ட பெற்றோரின் துக்கம் இயல்பானது. அது மாதங்கள் கடந்தும் இறுகிக்கொண்டே போனால் அது நோயாக மாறியிருக்கலாம். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளை இந்த ஆண்டு கூடுதலாகக் கவனியுங்கள்.

உதவி செய்யப் பெரிய படிப்பு வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில், வீடு வீடாகப் போகும் சாதாரணச் சுகாதாரப் பெண் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளோடு பேச வைத்தார்கள். 2008இல் வந்த முடிவின்படி, குழந்தை பிறந்து ஆறு மாதத்தில் அப்படிப் பேசப்பட்ட தாய்மாரில் 23 சதவீதத்தினருக்கே நோய் இருந்தது. மற்றவர்களில் 53 சதவீதம். நம்மிடம் வீட்டுப்படி ஏறி வரும் மிட்வைஃப் அம்மா இருக்கிறார். குழந்தையின் நிறையைக் காட்டும்போதே, "எனக்கு மனசு சரியில்ல மிஸ்" என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

நோர்வேயில் 2010இலிருந்து சட்டமே இருக்கிறது: மனநோயோடு ஒருவர் சிகிச்சைக்கு வந்தால், அவருக்குப் பிள்ளைகள் உண்டா, அவர்களுக்கு என்ன தேவை என்று ஊழியர்கள் பார்க்க வேண்டும். இங்கே அந்தச் சட்டம் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. அடுத்த கிளினிக் திகதிக்குப் போகும்போது ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள்: வீட்டில் எத்தனை பிள்ளைகள், என்ன வயது, இரவில் அவர்களோடு இருக்கும் பெரியவர் யார், எந்தப் பிள்ளை தூங்குவதில்லை. டாக்டர் கேட்காவிட்டாலும் அதை மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.