ஹார்ன் ஸ்பீக்கர் செய்யப் போறீங்களா? முதல்ல அறையின் மூலையைப் பாருங்க!

பழனி மலையடிவார ஊர்களில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டினால், பாட்டு பக்கத்து ஊருக்கே கேட்கும். ஆனால் தவிலின் கனமான அடி மட்டும் ‘டொக் டொக்’னுதான் வரும். காரணம், குழாயின் வாய் சின்னது.

40 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.5 மீட்டர். ஹார்ன் வாயின் சுற்றளவும் கிட்டத்தட்ட அவ்வளவு வேண்டும். அதாவது, விட்டம் 2.7 மீட்டர்! வீட்டுக்குள் நுழையுமா?

1940-களில் அமெரிக்காவின் பால் கிளிப்ஷ் பிடித்த வழி, அறை மூலை. இரண்டு சுவரும் தரையும் ஹார்னின் நீட்சியாகிவிடுவதால், வாயின் பரப்பு எட்டில் ஒரு பங்கு போதும். சுமார் 85 செ.மீ. சதுரம். ஹார்னின் நீளத்தையும் பெட்டிக்குள் மடித்துவிடலாம்.

கொடைக்கானலின் பழைய கருங்கல் வீடுகளுக்கு இது அம்சமாகப் பொருந்தும், சுவர் அதிராது. மரத்தடுப்பு அறையா, மூலையில் கதவா? அப்போ ஸ்பீக்கரின் பின்பக்க ஒலியை மட்டும் ஹார்னில் விடும் ‘பேக் லோடட்’ பெட்டிதான். பேஸ் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

மலை ஈரத்தில் பார்ட்டிகிள் போர்டு ஊதிவிடும். மெரைன் பிளை வாங்குங்க. அதை அறுக்கும் முன், இருக்கிற ஸ்பீக்கரை மூலையில் வைத்து 100.5-ல் கோடை பண்பலையைப் போடுங்க. பேஸ் கூடினால் மூலை ஓகே. ஜன்னல் கடகடத்தால், வேறு மூலை தேடுங்க.